எட்டு எழுத்தில் ஒரு எல்க்: கொலராடோவின் வேட்டைக் குலுக்கல்

வணக்கம் நேயர்களே. வேட்டைக்கு அரசாங்கமே குலுக்கல் நடத்தி உரிமம் கொடுக்கிறது என்றால் நம் ஊரில் பலர் நம்பமாட்டார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே எல்க் என்ற பெரிய மான் மூன்று லட்சம் அளவில் இருக்கிறது. நம் மலைக்காட்டுக் கடமானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

மாநிலத்தின் பூங்கா, வனவுயிர்த் துறை குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து மந்தைகளை எண்ணுகிறது. நூறு பெண்ணுக்கு எத்தனை ஆண், எத்தனை கன்று என்று கணக்கெடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை மானைச் சுடவிடலாம் என்று முடிவு செய்கிறது. மாநிலம் முழுவதும் எண் போட்ட வேட்டைப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. அங்கே அதை யூனிட் என்பார்கள். உரிமத்தின் பேச்சுவழக்குப் பெயர் டேக். ஒரு யூனிட்டில் டேக் குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் குலுக்கல்தான்.

ஆனால் குலுக்கல் என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. எல்க்கைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வரிசைதான். முதல் விருப்பம் கிடைக்காதவருக்கு அந்த ஆண்டு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். அடுத்த ஆண்டு டேக்குகளை அதிகப் புள்ளிக்காரரில் தொடங்கி மேலிருந்து கீழாகக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். டேக் தீர்ந்துபோகும் படியில் நிற்பவர்களுக்குள் மட்டுமே அதிர்ஷ்டத்துக்கு வேலை. ஆகவே மனுவை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதுதான் பாதி முடிவு.

மனு மார்ச் 1ஆம் தேதி திறக்கும். ஏப்ரல் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு மூடும். எட்டு மணி என்பது கொலராடோ நேரம். நியூயார்க்கில் அப்போது மணி பத்து, கலிஃபோர்னியாவில் ஏழு. கடைசி மணி நேரத்தில் இணையதளத்தில் கூட்டம் நெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கெடு முடியும்வரை மனுவைத் திருத்தலாம். ஆகவே முதல் வாரமே போட்டுவிட்டுப் பிறகு நிதானமாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு வேடிக்கை: அந்த ஆண்டுக்கான டேக் எண்ணிக்கையை மாநில வனவுயிர் ஆணையம் இறுதி செய்வது மே மாதத்தில், மனு மூடிய பிறகு. போன ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள்.

மனுவுக்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்த சான்று வைத்திருக்க வேண்டும். வகுப்புக்கு இடம் கிடைக்கவே சில வாரம் ஆகலாம் என்பதால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். அடுத்தது, தகுதி உரிமம் என்று ஒன்று, உதாரணமாகச் சிறு பிராணிகளுக்கான ஆண்டு உரிமம், வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் குலுக்கலுக்குள் நுழைய முடியாது, அந்தப் பணமும் திரும்பாது. மூன்றாவது, நீங்கள் உள்மாநிலத்தவரா, வெளியாரா என்ற கேள்வி. கொலராடோவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் உள்மாநிலத்தவர். வேலைக்காக டென்வருக்குப் போய் நான்கு மாதமே ஆனவர், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் மனு போட்டால் அது தவறான தகவல் கொடுத்த குற்றமாகும். 2024 முதல் பெரும்பாலான வேட்டைகளில் குலுக்கல் டேக்குகளில் 75 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கு, 25 வரை வெளியாருக்கு. கட்டணத்திலும் பெரிய வேறுபாடு. ஆண் எல்க் டேக் வெளியாருக்கு 800 டாலரைத் தாண்டும்.

இப்போது மனுவின் உயிர்நாடிக்கு வருகிறேன். அது எட்டு எழுத்துள்ள வேட்டைக் குறியீடு. இ, எம், 061, ஓ1, ஆர் என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் இ என்பது எல்க். எம் என்றால் ஆண். அங்கே எஃப் இருந்தால் பெண், மறுபடி இ இருந்தால் இரண்டில் எதுவும். 061 யூனிட் எண். ஓ1 என்பது முதல் பருவம். கடைசி ஆர் ரைபிள். ஏ என்றால் வில்லம்பு, எம் என்றால் முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி. ஓ1-இல் இருப்பது எழுத்து, பூஜ்யம் அல்ல.

அந்த ஓ இருக்கும் இடத்தில் பி இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். அது தனியார் நிலத்துக்கு மட்டுமான டேக். குறைந்த புள்ளியிலேயே கிடைக்கிறதே என்று மகிழ்ந்து அதைப் போடுகிறவர்கள் உண்டு. டேக் வந்துவிடும், ஆனால் அரசுக் காட்டுக்குள் அது செல்லாது. பண்ணைக்காரர் யாராவது அனுமதி தந்தால்தான் உண்டு, தந்தாலும் பெரும்பாலும் பணம் கேட்பார். பருவம் முடியும்வரை வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

மனுவில் நான்கு விருப்பம் எழுதலாம். முதல் விருப்பத்துக்கு மட்டும்தான் புள்ளி செலவாகும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவதில் டேக் கிடைத்தால் சேர்த்த புள்ளி அப்படியே இருக்கும், முதல் விருப்பம் கிடைக்காததற்குரிய புதுப் புள்ளியும் சேரும். இதைத் தெரியாமல், சுலபமாகக் கிடைக்கும் யூனிட்டை முதல் விருப்பத்தில் போட்டுப் பத்தாண்டுப் புள்ளியைக் கரைத்தவர்கள் ஏராளம். சுலபமான யூனிட்டுக்கு இடம் இரண்டாம் வரிசை. வெறும் புள்ளி போதும் என்றால் முதல் விருப்பத்தில் புள்ளிக்கென்றே உள்ள குறியீட்டை எழுதுங்கள்: இ, பி, 999, 99, பி. இரண்டாவதில் உண்மையான வேட்டையைக் கேளுங்கள். அந்த ஆண்டு மலைக்கும் போகலாம், வரிசையில் ஒரு படியும் ஏறலாம்.

நண்பர்களோடு குழுவாகப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குழுவின் புள்ளி என்பது சராசரி அல்ல. இருப்பவர்களிலேயே குறைந்தவரின் புள்ளி. 12 புள்ளிக்காரர் மூவர் ஒரு புள்ளிக்காரரைச் சேர்த்துக்கொண்டால் நால்வருக்கும் ஒரு புள்ளிதான்.

அடுத்து, புள்ளி ஏற்றம், அதாவது ஒரு டேக்குக்குத் தேவைப்படும் புள்ளி ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போவது. நம் ஊர்க் குலுக்குச் சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர் மறுபடி வராது, கடைசி மாதத்துக்குள் எல்லோருக்கும் கிடைத்துவிடும். இந்தச் சீட்டில் ஆண்டுதோறும் புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். கணக்குக்காக ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 டேக். 15 புள்ளியோடு 60 பேர், 14 புள்ளியோடு 100 பேர். இந்த ஆண்டு 15 புள்ளிக்குக் கிடைத்தது என்று பார்த்ததும் 14 புள்ளிக்காரர் அடுத்த ஆண்டு நமக்குத்தான் என்று நினைப்பார். மேலே உள்ள 60 பேர் தீரவே மூன்று ஆண்டு ஆகும். பிறகு அவரோடு நிற்கும் 100 பேருக்கு ஐந்து ஆண்டு. அவருக்கு டேக் வருவது நான்காம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டுக்குள், அதாவது 17 முதல் 21 புள்ளியில். அவருக்குக் கீழே நிற்பவர் பாடு இன்னும் மோசம். வடமேற்குக் கொலராடோவின் 2, 10, 201ஆம் யூனிட்டுகளுக்கு ரைபிள் டேக் வேண்டி இன்று புதிதாகப் புள்ளி சேர்க்கத் தொடங்குகிறவர் ஆயுளுக்குள் வரிசையின் தலையை எட்டுவது சந்தேகம். ஆசையைக் கெடுக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ஐந்தாறு புள்ளியில் கிடைக்கும் நடுத்தர யூனிட்டில் இரண்டு முறை வேட்டையாடுவது இதைவிட மேல்.

இதற்கு ஒரு சின்னச் சன்னல் உண்டு. பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ கேட்கும் குறியீடுகளில் அதிகபட்சம் 20 விழுக்காடு டேக்கை உண்மையான குலுக்கலுக்கு ஒதுக்குகிறார்கள். ஐந்து புள்ளியாவது இருந்து, அதை முதல் விருப்பமாக எழுதியிருந்தால் உங்கள் பெயரும் உள்ளே. மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கணக்கு மாறும். வயோமிங்கில் வெளியாருக்கான எல்க் டேக்கில் கால் பங்கு புள்ளி பார்க்காத குலுக்கல். நியூ மெக்சிகோவில் புள்ளி என்ற பேச்சே இல்லை. புதியவருக்கும் இருபதாண்டாக முயல்பவருக்கும் ஒரே வாய்ப்பு.

துறை ஒவ்வொரு குறியீட்டுக்கும் குலுக்கல் முடிவறிக்கை வெளியிடுகிறது. மூன்று ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாகக் கிடைத்த புள்ளி எவ்வளவு என்பதோடு நிற்காமல், உங்களுக்கு மேலே எத்தனை பேர் மிச்சம் என்பதையும் எண்ணுங்கள்.

முடிவு மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். பெயர் வந்தால் பதிவு செய்த கார்டிலிருந்து பணம் எடுப்பார்கள். மார்ச்சில் கொடுத்த கார்டு மே மாதத்தில் காலாவதியாகியிருக்கும், அல்லது திடீரென 800 டாலர் போகிறதே என்று வங்கி தடுத்துவிடும். ஜூன் நடுவில் வரும் கெடுவுக்குள் வேறு வழியில் கட்டாவிட்டால் டேக் கைமாறிவிடும். மின்னஞ்சல் வரும் என்று காத்திராமல் கணக்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதால், துப்பாக்கியைத் தொடும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வராதவர்களுக்கு ஜூன் மாதமே இரண்டாம் குலுக்கல் இருக்கிறது. அதற்குப் புள்ளி தேவையில்லை, செலவாவதும் இல்லை. அதிலும் மிஞ்சியவை ஆகஸ்ட் தொடக்கத்தில் முந்தியவருக்கே என்று விற்பனைக்கு வரும். திருப்பிக் கொடுக்கப்பட்ட டேக்குகளும் பிறகு வாரந்தோறும் பட்டியலில் ஏறும். நல்ல டேக் வந்தால் நொடிகளில் போய்விடும். கணக்கில் முன்பே நுழைந்து, எட்டு எழுத்தையும் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.