ஆட்டக்காரருக்கும் வீடு உண்டு

தலைவர் அவர்களே, நம் விளையாட்டு மன்றத்தின் நிர்வாகிகளே, பெற்றோர்களே, நாளை களமிறங்கப்போகும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் விளையாட்டு வீரன் அல்லன், பார்வையாளன். ஆட்ட நுணுக்கங்களைச் சொல்ல இந்த மேடையிலேயே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ரசிகர்களாகிய நாம் சரியாகப் பேசாத ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். ஆட்டக்காரர் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் வந்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

2024 பிப்ரவரி 16, இங்கிலாந்துக்கு எதிரான ராஜ்கோட் டெஸ்ட். தொடக்க ஆட்டக்காரர் ஜாக் கிராலியை வீழ்த்தி ரவிச்சந்திரன் அஸ்வின் தமது 500ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அன்று இரவே, தாயாரின் உடல்நிலை காரணமாக அவர் ஆட்டத்தை விட்டுச் சென்னைக்குக் கிளம்பினார். அவருக்குப் பதிலாக இறங்குபவர் களத்தில் பந்தைத் தடுக்கலாம். பந்து வீசவோ மட்டை பிடிக்கவோ விதி இடம் தராது. முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் இல்லாமலே மூன்றாம் நாள் ஆடிய இந்திய அணி, இங்கிலாந்தை 319 ரன்களில் சுருட்டியது. நான்காம் நாள் அஸ்வின் திரும்பி வந்தார். இந்தியா 434 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அவர் திரும்பி வந்ததை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என் மனத்தில் உயர்ந்து நிற்பது அவர் கிளம்பிப் போன அந்த இரவு. அவர் திரும்பாமல் தாயாரின் கட்டிலருகிலேயே இருந்திருந்தாலும் என் மதிப்பு ஓர் அணுவும் குறைந்திருக்காது.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் கிரிக்கெட்டில் வேறு வகைக் கதைகளைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். 1999 உலகக் கோப்பையின்போது தந்தையை இழந்த சச்சின் டெண்டுல்கர், மும்பைக்கு வந்து இறுதிச் சடங்கு முடித்துத் திரும்பி, பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 ரன் எடுத்தார். 2020 நவம்பரில் முகமது சிராஜ் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த சில நாட்களில், ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டி மகனை வளர்த்த தந்தை காலமானார். ஊருக்குப் போக கிரிக்கெட் வாரியம் வழி செய்து தருவதாகச் சொல்லியும் சிராஜ் அணியோடு தங்கினார். பிரிஸ்பேன் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேராகத் தந்தையின் கல்லறைக்குப் போனார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துக் கண்கலங்காதவர் இருக்க முடியாது.

அவர்களுடைய முடிவுகளை நான் வணங்குகிறேன். அவை அவர்களுடைய முடிவுகள், அவர்களுடைய துயரம். அவற்றை எடுத்து அடுத்தவரை அளக்கும் அளவுகோலாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். 'அவன் தகப்பன் செத்தபோதே விளையாடினான், உனக்கென்ன?' என்று ஒரு பதினாறு வயதுப் பையனிடம் சொல்வதற்கு எந்தப் பயிற்சியாளருக்கும், எந்தத் தகப்பனுக்கும் உரிமை கிடையாது.

அதே ஆஸ்திரேலியத் தொடரில் இன்னும் இருவரைப் பாருங்கள். அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்ட பிறகு, மனைவியின் பிரசவத்துக்காக அணித்தலைவர் விராட் கோலி நாடு திரும்பினார். அணியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறார் என்று எத்தனை பேர் கொதித்தார்கள்! ரஹானே தலைமையில் அந்த அணி தொடரை 2-1 என்று வென்றது. மற்றவர் நம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோது அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கிருந்து அப்படியே, பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து வீசித் தரும் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனார். ஒரே சுற்றுப்பயணத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 என்ற மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் ஊர் திரும்பிய பிறகுதான் மகளைக் கையில் ஏந்தினார்.

நடராஜன் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் மாதத்திலேயே நீண்ட விடுப்பு கேட்பாரா? இங்கே அமர்ந்திருக்கும் தந்தையர் தம்மையே கேட்டுப் பார்க்கட்டும். நிலைபெற்ற அணித்தலைவர் கேட்கலாம். வாய்ப்புக்காகக் காத்திருப்பவருக்கு நா எழாது. ஒருமுறை விட்ட இடம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவருக்கே விடுப்பு விடுப்பாக இருக்கிறது.

மத்திய அரசில் பணிபுரியும் ஆணுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. ஆடினால்தான் காசு என்று வாழும் வீராங்கனைக்கு என்ன இருக்கிறது?

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாகப் பலகையின் முன் அமர்ந்தார். பெண்கள் பிரிவில் இந்திய அணி வெண்கலம் வென்றது. அதே ஆண்டு ஏப்ரலில், இரட்டைக் குழந்தைகள் பெற்று ஆறு மாதமே ஆகியிருந்த சென்னையின் தீபிகா பள்ளிக்கல், கிளாஸ்கோவில் உலக ஸ்குவாஷ் இரட்டையர் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவோடு ஒரு பட்டமும் சவுரவ் கோஷலோடு ஒரு பட்டமும் வென்றார். எனக்கு இவற்றில் பெருமை பொங்குகிறது. கூடவே கவலையும் வருகிறது, ஏனென்றால் இவர்கள் இருவரும் உலகம் அறிந்தவர்கள். திருமணமானதும் கபடியை நிறுத்திய பெண்கள் நம் ஒன்றியத்திலேயே எத்தனை பேர் என்று இங்குள்ள உடற்கல்வி ஆசிரியைகளைக் கேளுங்கள். அவர்கள் ஆடுகளத்தை விட்டுப் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. கைக்குழந்தையை யாரிடம் விடுவது, பாலூட்ட மறைவிடம் எங்கே, ஓராண்டு கழித்து வந்தால் அணியில் சேர்ப்பார்களா என்ற கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆகவே மன்றத்தின் முன் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, அடுத்த பெண்கள் கபடிப் போட்டியின்போது பள்ளி வகுப்பறை ஒன்றைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒதுக்குங்கள். மின்விசிறியும் தண்ணீரும் ஒரு பாயும் போதும். இன்னொன்று, வீட்டில் சாவு, நோய், பிரசவம் என்று ஆட்டத்தை விட்டுப் போகிறவருக்கு அணியில் அவர் இடம் அப்படியே இருக்கும் என்று மன்ற விதியில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். இந்த மாதச் செயற்குழுவிலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தை முன்மொழிய நான் ஆயத்தமாக இருக்கிறேன். வழிமொழிய ஒரு பெண் உறுப்பினர் முன்வர வேண்டும்.