ஆபத்து நேரத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பினாங்கிலிருந்து பேசுகிறேன். இந்தத் தீவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பல வருடங்கள் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தவள் நான். எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் பாடம் நடத்துகிறேன். வார்டுக்கு ஜெபிக்க வரும் போதகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வருவார், வருவார் என்று நோயாளி வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசிவரை வராமலே போனவர்களும் உண்டு. அதனால் இந்த விஷயம் வெகுநாளாக மனதில் கிடக்கிறது. ஆபத்து வரும்போது எந்தப் போதகர் சொல்வதைக் கேட்பது? கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் கொஞ்சம் கூடவே இருங்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வேறு உடையில் வந்திருக்கும்.

2020 மார்ச் 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் மூடியாயிற்று. அதுவரை வாரத்துக்கு ஒரு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கே ஏழெட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து ஒன்று, அமெரிக்காவிலிருந்து ஒன்று, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் ஒன்று. முகக்கவசம் போடுவது அவிசுவாசம் என்றார் ஒருவர். இன்னொருவர் கொரோனா முடியும் தேதியைக் குறித்துக் கொடுத்தார். தடுப்பூசி வந்ததும், அதுதான் 666, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரை என்று ஒரு கூட்டமே கிளம்பியது. எல்லார் கையிலும் அதே வேதாகமம். எல்லாரும் வசனம் சொன்னார்கள்.

பெரும்பாலும் 91ஆம் சங்கீதம். கொள்ளைநோய்க்குத் தப்புவிப்பார் என்று அதில் இருக்கிறது, நானும் தினமும் அதைச் சொல்லித்தான் ஜெபித்தேன். ஆனால் அதே சங்கீதத்தை இன்னொருவனும் சொல்லியிருக்கிறான், கவனித்திருக்கிறீர்களா? மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன்னை ஏந்திக்கொள்வார்கள் என்கிறான். அதற்கு அவன் எடுத்த வசனம் 91ஆம் சங்கீதத்தில் இருப்பதுதான். இயேசு குதிக்கவில்லை. ஆகவே ஒருவர் வசனம் சொல்லிவிட்டார் என்பதை மட்டும் வைத்து நாம் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், வானொலியில் நேரம் ஓடிவிடும். தாம் சொன்னது தவறிப் போனால், நாளைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிற போதகர் யாரோ, அவர் சொல்வதைக் கேளுங்கள். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் இதற்கு எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. எரேமியா 28ஆம் அதிகாரம். எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம், அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

எருசலேமுக்குப் பெரிய ஆபத்து. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஏற்கெனவே ஒரு தடவை வந்து, ராஜாவையும் தேவாலயத்துப் பாத்திரங்களையும் கொண்டுபோய்விட்டான். ஜனங்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தேவாலயத்திலேயே, எல்லார் கண்முன்னாலும், இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். எரேமியா கழுத்தில் ஒரு மர நுகத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்: இந்த அடிமைத்தனம் சீக்கிரம் தீராது. இன்னொருவர் பெயர் அனனியா. அவர் சொல்கிறார்: இரண்டே வருடம், போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், பாத்திரங்களும் வந்துவிடும்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் யாருக்கு ஆமென் சொல்லியிருப்பீர்கள்? இதில் ஓர் அழகு பாருங்கள். எரேமியாவே ஆமென் சொல்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். தம் ஜனங்கள் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு மட்டும் இருக்காதா? ஆனால் சமாதானம் வரும் என்று சொல்பவர் விஷயத்தில், அது நடக்கும்போதுதான் அவரைக் கர்த்தர் அனுப்பினாரா என்று தெரியும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். உடனே அனனியா அந்த நுகத்தை எரேமியாவின் கழுத்திலிருந்து பிடுங்கி உடைத்துப் போடுகிறார். இன்றைக்கு நடந்திருந்தால் அந்தக் காட்சி எத்தனை பேர் கைப்பேசிக்குப் போயிருக்கும்! எரேமியா சண்டை போடவில்லை, தம் வழியே போய்விடுகிறார்.

இரண்டு வருடம் என்ற அந்த வாக்கு பலிக்கவில்லை. அனனியா அந்த வருடமே இறந்துபோகிறார் என்று அதிகாரம் முடிகிறது. அவரை நம்பி மூட்டை கட்டி வைத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

எரேமியா என்ன செய்தார் தெரியுமா? பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், 70 வருடம் ஆகும் என்றார். எருசலேம் முற்றுகையில் கிடந்தபோது, ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து வாங்கினார். இந்த மண்ணில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்று சொன்னவர், தம் சொந்தப் பணத்தைப் போட்டுச் சொன்னார். கடைசியில் நகரம் விழுந்தது. பாபிலோன் சேனாதிபதி அவரை அழைத்து, என்னோடு வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அவர் போகவில்லை. மிச்சம் விடப்பட்ட ஏழை ஜனங்களோடு தங்கிவிட்டார். இந்தக் கடைசிப் பகுதி 40ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, இன்று இரவே எடுத்துப் படியுங்கள்.

தாம் சொன்ன வார்த்தையின் பலனை ஜனங்களோடு சேர்ந்து தாமும் அனுபவித்தவர். நான் சொல்ல வருவது இதுதான்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை, எல்லை மூடியதால் வர முடியவில்லை. நெடுநாள் சர்க்கரை நோயாளி. 2021இல் வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒருவரின் காணொளியைக் காலை, மாலை இரண்டு வேளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றார் அந்த அம்மா. கொஞ்ச நாளில் மாத்திரையும் பாதியானது.

எங்கள் பாஸ்டருக்குப் பிரசங்கம் சுமாராகத்தான் வரும். தொண்டை கட்டிய குரல், குறிப்புத்தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். விஷயம் கேள்விப்பட்டு, அவர் அந்த அம்மா வீட்டுக் கிரில் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்து வாதாடுவார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, இன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு?”

“அந்த நம்பரை நான் பார்ப்பதில்லை, பாஸ்டர். வாயால் சொன்னால் அது பலித்துவிடும்.”

சோதிக்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். பட்டைகள் காலாவதியாகிக் கிடந்தன. கீழே இறங்கிப் போய் மருந்துக்கடையில் வாங்கி வந்து, என்னையும் கூப்பிட்டார். நான்தான் விரலைக் குத்திப் பார்த்தேன். 19ஐத் தாண்டியிருந்தது. சாப்பிடுமுன் பார்த்தால் ஏழுக்குள் இருக்க வேண்டிய எண் அது. அந்த அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

அடுத்த சில மாலைகள் பாஸ்டர் அதே கிரில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை வரி வரியாக அவரோடு சேர்ந்து படித்தார். முத்திரை அங்கே யாரை வணங்குகிறோம் என்பதோடு சேர்ந்து வருகிறது என்று காட்டினார். “ஊசி போடுகிற இடத்தில் யாராவது உங்களை எதையாவது வணங்கச் சொன்னால், அந்த நிமிடமே உங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்” என்றார். அம்மா கேட்டார்: “ஊசி போட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” “நான்தான் வந்து நிற்பேன், அம்மா. என்னைத் திட்டுங்கள், உங்கள் மகனுக்கும் நானே பதில் சொல்கிறேன்.”

பாயான் லெப்பாஸ் ஸ்பைஸ் அரங்கத்துக்குத் தம் காரிலேயே கூட்டிப் போனார். உள்ளே விடமாட்டார்கள், வெயிலில் வெளியே காத்திருந்தார். அன்று இரவு காய்ச்சல் இருக்கிறதா என்று இரண்டு தடவை போன் செய்தார். அந்தக் காணொளிப் பிரசங்கியாருக்கும் அந்த அம்மா தம் சந்தேகங்களை எழுதிக் கேட்டிருந்தார், ஒரு தடவை அல்ல, பல தடவை. பதிலாக வந்தது ஜெப விண்ணப்பப் படிவமும் வங்கிக் கணக்கு எண்ணும்.

தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நானே சென்னை ஊழியர்கள் சிலருடைய பாடல்களையும் செய்திகளையும் விரும்பிக் கேட்பவள், அந்தத் தனிமையில் அவை எத்தனையோ பேரைத் தாங்கின. ஆறுதலுக்குக் கேளுங்கள். மருந்து, பணம், தேதி இந்த மூன்றையும் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திவிட்டு, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடிய ஒருவரிடம் போங்கள்.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹெரால்டு கேம்பிங் என்று அமெரிக்காவில் ஒரு வானொலிப் பிரசங்கியார் இருந்தார். 2011 மே 21 அன்று விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவரை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு, சேமிப்பையெல்லாம் விளம்பரத்துக்குக் கொட்டியவர்கள் உண்டு. அந்த நாள் வந்தது, போனது. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் போனது. மறு வருடம் தாம் செய்தது தவறு என்று எழுதினார். அவர் ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் போன சேமிப்பு போனதுதான். ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறவருக்கு எதிரில் முகம் தெரியாது. இப்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன், அதனால் நான் சொல்வதையும் உங்கள் சபையில் ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்துக்கும் இது பொருந்தும். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தையே யேனாவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரையும் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மனைவி கர்ப்பிணி, வீட்டுக்குள்ளேயே நோயாளிகள். அங்கிருந்துதான் கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று ஒரு கடிதம் எழுதினார். மருந்து எடுத்துக்கொள், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தப்படுத்து, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, அயலானுக்கு உதவி தேவைப்பட்டால் தயங்காமல் போ என்கிறார். மருந்தைத் தள்ளுவது கடவுளைச் சோதிப்பது என்கிறார். தாம் அந்தத் தெருவில் இருந்துகொண்டே சொன்னதால் அந்தப் பேச்சுக்குக் கனம் இருக்கிறது.

இன்னொன்று, அருகில் இருந்தால் மட்டும் போதாது. கென்யாவில் ஷாகஹோலா காட்டில் 2023இல் என்ன நடந்தது? பால் மெக்கன்சி என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடந்தால் போதும் என்று நம்பினார்கள். 400க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அதற்கு வெகு முன்பே அவர் பள்ளிக்கூடம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாத இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்விட்டார். வேதத்தில் வரும் பெரோயா பட்டணத்தாரைப் பாருங்கள். அப்போஸ்தலர் பவுலே வந்து பிரசங்கித்தபோதும், காரியங்கள் இப்படித்தானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற போதகரை ஆபத்து வருமுன்பே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் பினாங்குக் கடற்கரையிலும் சுனாமி வந்தது. மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மாநிலத்தில்தான். அடுத்த வாரம் ஓர் ஆராதனையில், பாவத்தின் தண்டனை என்று ஒருவர் பிரசங்கித்ததை நான் கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் உறவினர் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்றும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13. செத்தவர்களைப் பாவி என்று சொல்பவர் பிரசங்கத்தை எழுந்து வெளியே போய்க்கூட நீங்கள் தவிர்க்கலாம், தவறில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பணத்தைப் பற்றித் தனியாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து நேரத்தில் விதைக் காணிக்கை போடு, நோய் வராது என்று கேட்பவருக்கு ஒரு வெள்ளியும் அனுப்பாதீர்கள். 2021 நடுவில் சோற்றுக்கு வழியில்லாத வீடுகளில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, அப்போது அரிசி மூட்டையோடு மாடி ஏறியவர்கள் யார் என்று உங்கள் தாமானில், குடியிருப்பில், கேட்டால் சொல்வார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் போதகருடைய சொந்த எண்ணை வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்தால் நம் சபையில் தனியாக இருக்கிற முதியவர்களை யார் யார் போய்ப் பார்ப்பது என்று இந்த ஞாயிறே கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் ஆராதனை முடிந்து அங்கேயே உட்கார்ந்து எழுத நீங்களும் உதவுங்கள்.

நன்றி, வணக்கம்.