பயிற்சியில் 550, போட்டியில் 519: புது பிஸ்டல் வாங்கினால் சரியாகுமா?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். ஒரு அம்மா எழுதியிருக்கிறார். "என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒரு வருடமாக ரைஃபிள் கிளப்பில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறான். கிளப்பில் 550 வரை சுடுவான். முதல் முறையாக மாவட்டப் போட்டிக்குப் போனான், 519தான் வந்தது. கிளப் பிஸ்டலில் சுடுவதால்தான் இப்படி ஆகிறது, சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்கிறான். வாங்கலாமா? அடுத்த மாதம் இன்னொரு கிளப்பில் போட்டி வருகிறது, அனுப்பலாமா?"

அம்மா, முதலில் அந்த 519ஐப் பிரித்துப் பார்க்கலாம். அறுபது ஷாட், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்து, மொத்தம் 600. 550க்கும் 519க்கும் நடுவில் 31 புள்ளி. அறுபது ஷாட்டில் பரப்பினால் ஷாட்டுக்கு அரைப் புள்ளிதான் குறைந்திருக்கிறது. ஆனால் அது அப்படிச் சீராகப் பரவியிருக்காது. பையனிடம் ஸ்கோர் ஷீட் இருந்தால் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான ஷாட் எப்போதும் போல எட்டு, ஒன்பது, பத்து என்றுதான் இருக்கும். நடுவில் ஆறேழு ஷாட் மட்டும் நான்கு, ஐந்து, ஆறு என்று கிடக்கும். முதல் போட்டி ஷீட்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் வழக்கமாக இருப்பது இந்தக் கதைதான்.

பிஸ்டல் மேல் பிழை என்றால் ஷீட் வேறு மாதிரி இருக்கும். சைட், அதாவது குறிபார்க்கும் பகுதி, நகர்ந்திருந்தால் எல்லா ஷாட்டும் ஒரே பக்கம் ஒதுங்கும். காற்றை அடைத்து வைக்கும் சீல் போயிருந்தால் மேலும் கீழுமாக மொத்தமாகச் சிதறும். அங்கொன்று இங்கொன்றாகச் சில ஷாட் மட்டும் வெளியே போயிருந்தால், கையை இறக்கியிருக்க வேண்டிய நேரத்தில் டிரிகரை இழுத்திருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒரே கையில் பிஸ்டலை நீட்டிச் சுட வேண்டும். கை ஆடத்தான் செய்யும், ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். கையைத் தூக்கி, இலக்குக்குக் கீழே இறக்கி நிறுத்தியபின் சில விநாடிகளுக்கு அந்த ஆட்டம் சிறியதாகும். அந்த நேரத்துக்குள் டிரிகர் விழ வேண்டும். விழாவிட்டால் கண் களைத்துவிடும், மூச்சு முட்டும், மறுபடி ஆட்டம் பெரிதாகும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். சுடாமல் கையைக் கீழே இறக்கி, மேசையில் பிஸ்டலை வைத்து, இரண்டு மூச்சு விட்டு மறுபடி ஆரம்பிப்பது.

கிளப்பில் பையன் இதைச் செய்வான். போட்டியில் செய்ய மாட்டான். ஏன் என்றால் பக்கத்து லேனில் இருப்பவர் டப் டப் என்று சுட்டுக்கொண்டே போகிறார், பின்னால் நாற்காலியில் அப்பா அம்மா, முன்னால் மானிட்டர். இவ்வளவு நேரம் பிடித்துவிட்டோம், விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும். அங்கேதான் ஐந்து விழுகிறது.

நேரம் பற்றாது என்ற பயமும் ஒரு காரணம். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். எலக்ட்ரானிக் டார்கெட்டில் அறுபது ஷாட்டுக்கு 75 நிமிடம். ஒரு ஷாட்டுக்கு ஒரு நிமிடம் பதினைந்து விநாடி. பேப்பர் டார்கெட் என்றால் 90 நிமிடம். புதிதாக வருகிற பிள்ளைகள் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். மிச்சம் இருந்த அரை மணி நேரத்தில் எத்தனை முறை கையை இறக்கியிருக்கலாம்! உங்கள் பையன் எத்தனை நிமிடத்தில் முடித்தான் என்று கேளுங்கள். பதிலே பாதி விளக்கத்தைத் தந்துவிடும். சில கிளப்புகள் தங்கள் போட்டிகளில் ஷாட்டையும் நேரத்தையும் குறைத்து வைப்பதுண்டு, அதனால் போட்டி அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், அந்த 550 எப்படி வந்தது? இதைக் கோச்சிடம் கேட்க வேண்டும். கிளப்பில் முதல் இருபது ஷாட் சரியில்லை என்றால் அதை சைட்டர், அதாவது ஸ்கோரில் சேராத ஷாட், கணக்கில் தள்ளிவிட்டு, கை செட்டான பிறகு எண்ண ஆரம்பிப்பார்கள். நடுவில் டீ குடிக்கப் போவார்கள். கோச் பின்னால் நின்று "தோளைத் தளர்த்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். போட்டியில் லைனில் நிற்பவரிடம் கோச் வாய் திறந்து பேசக் கூடாது. பேச வேண்டும் என்றால் பிஸ்டலை அன்லோட் செய்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, அதிகாரியிடம் சொல்லிவிட்டு லைனை விட்டு வெளியே வர வேண்டும். ஆக 550 என்பது ஒரு நல்ல நாளின் கணக்கு. 519 முழு நாளின் கணக்கு. பையனின் உண்மையான அளவு இப்போதைக்கு 530 பக்கம் இருக்கும் என்பது என் ஊகம். அது ஒரு வருடப் பயிற்சிக்குக் குறைவே இல்லை.

அதனால் அடுத்த மாதத்துக்குள் வாரம் ஒரு நாள் முழுப் போட்டியைக் கிளப்பிலேயே நடத்திப் பார்க்கட்டும். பதினைந்து நிமிடம் பிரிபரேஷன், சைட்டிங். அப்புறம் கடிகாரத்தை ஓட விட்டு அறுபது ஷாட். டீ கிடையாது, பேச்சு கிடையாது, முதல் ஷாட்டிலிருந்தே எண்ணிக்கை. யாராவது ஒருவர் அதிகாரி மாதிரி கமாண்ட் சொன்னால் இன்னும் நல்லது. மானிட்டரில் மொத்தக் கூட்டலைப் பார்க்காமல் ஷாட் விழுந்த இடத்தை மட்டும் பார்த்துப் பழக வேண்டும். மனதுக்குள் "இன்னும் மூன்று பத்து அடித்தால்" என்று கூட்ட ஆரம்பித்தால் பார்வை, பிஸ்டலின் முன் சைட்டை விட்டு டார்கெட்டுக்குப் போய்விடும். பிஸ்டலில் டார்கெட் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

சைட்டிங் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உள்ளூர்ப் போட்டிகளில் அதிகம் வீணாவது அதுதான். புது ரேஞ்சில் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும். நம் ரேஞ்சில் நடுவில் விழுந்த குரூப், அதாவது ஷாட்டுகளின் கூட்டம், அங்கே மேலேயோ கீழேயோ போய் உட்காரும். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஷாட் வெளியே போனதும் உடனே சைட்டைத் திருகக் கூடாது. நான்கைந்து ஷாட் சுட்டு, குரூப் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சைட் திருகை அதற்கு ஏற்ற கிளிக் மட்டும் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் ஷாட் எந்தப் பக்கம் போகும் என்பது பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும், அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வைப்பது நல்லது. கிளப் பிஸ்டல் என்றால் இது இன்னும் முக்கியம். முந்தின டீட்டெயிலில், அதாவது நமக்கு முன்னால் சுட்ட குழுவில், அதே பிஸ்டலில் வேறொரு பையன் சுட்டிருப்பான், அவன் கண்ணுக்கு ஏற்ப கிளிக் மாற்றியிருப்பான்.

நான் லைன் அதிகாரியாக நிற்கும்போது அடிக்கடி பார்ப்பது, பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போடாமலே சுடுவது. பதற்றத்தில் காக் செய்து, மூடி, தூக்கி, டிரிகரை இழுத்தால் வெறும் காற்றுச் சத்தம். மேட்ச் ஷாட் தொடங்கிய பிறகு இது நடந்தால் பூஜ்யம். அழுகிற பிள்ளைகளும் உண்டு. அதேபோல் பக்கத்து லேன் டார்கெட்டில் சுடுவது. இது சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்தார். கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டார். பூஜ்யம். தங்கம் வாங்க வேண்டியவர் எட்டாவது இடத்துக்குப் போனார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் லேன் எண்ணை ஒரு தடவை பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

பிஸ்டல் மக்கர் செய்தால் என்ன செய்வது? குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிட வேண்டும். தானாகத் திரும்பிப் பின்னால் இருக்கும் கோச்சிடம் நீட்டினால் பாதுகாப்பு மீறல், வெளியேற்றிவிடுவார்கள். லேன் மானிட்டர் பழுதானால் இழந்த நேரத்தைச் சேர்த்துத் தருவார்கள். நம் பிஸ்டல் பழுதானால் தர மாட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கருக்கு நடந்தது அதுதான். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, பதினைந்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. மீதி ஷாட்டை அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. பாரிஸில் அதே பெண் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

பாரிஸ் என்றதும் கேட்பீர்கள், அந்தத் துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் விசேஷக் கருவி எதுவும் மாட்டாமல் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கினாரே என்று. அவர் சுட்டது பிஸ்டல். கெட்டி ஜாக்கெட் எல்லாம் ரைஃபிள்காரர்களுக்குத்தான். எந்தப் பிஸ்டல் வீரரும் அதைப் போடுவதில்லை. உங்களுக்கு அந்தச் செலவு இல்லை என்று சந்தோஷப்படுங்கள்.

போட்டி நாள் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிப் பரிசோதனையில் டிரிகர் எடை பார்ப்பார்கள், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. கிளப்பிலேயே எடைபோட்டு, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு போவது நிம்மதி. காற்று சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள், அது சுடுபவரின் பொறுப்பு. சுடும் கையில் வாட்ச், மணிக்கட்டுப் பட்டை கூடாது. கோயில் கயிறு கெட்டியாகக் கட்டியிருந்தால் அடுத்த கைக்கு மாற்றிவிட்டால் பேச்சே வராது. கணுக்காலை மூடாத ஷூ. கை வியர்க்கும், ஒரு துண்டு வேண்டும். டீட்டெயில் பத்து மணிக்கு என்று போட்டிருந்தாலும் நம் ஊரில் பதினொன்றரை ஆகலாம், அதனால் பழமோ இட்லியோ கையில் இருக்கட்டும். பிரியாணி போட்டி முடிந்த பிறகு.

இப்போது பிஸ்டல். வாங்க வேண்டாம், இப்போதைக்கு. நல்ல மேட்ச் பிஸ்டல் லட்சங்களில் போகிறது. கிளப் பிஸ்டலில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அது கிரிப். நாலு பேர் கைக்குப் பொதுவான கிரிப் யார் கைக்கும் சரியாக உட்காராது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பிடி கொஞ்சம் மாறும், முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் வராமல் சாயும். கிளப்பில் அனுமதி கேட்டு, பையன் கை அளவுக்கு ஒரு கிரிப்பை மட்டும் தனியாக வாங்கி, மரத்தில் அப்பும் வுட் புட்டியும் உப்புத்தாளும் வைத்துக் கோச் பார்வையில் செதுக்கிக்கொண்டால் போதும். போட்டியன்று மாட்டிக்கொள்ளலாம், முடிந்ததும் கழற்றிக்கொள்ளலாம். மணிக்கட்டைத் தொடாத அளவுக்குத்தான் செதுக்க வேண்டும், தொட்டால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள். மாநிலப் போட்டி வரை போய், அங்கேயும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அப்போது சொந்த பிஸ்டலைப் பற்றிப் பேசலாம். சீனியர்கள் மாற்றும்போது பழையது நல்ல விலைக்குக் கிடைக்கும்.

அடுத்த மாதப் போட்டிக்குக் கட்டாயம் அனுப்புங்கள். நீங்களும் போகலாம், ஆனால் அவன் லேனுக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள். முடிந்து வந்ததும் ஸ்கோரைக் கேட்காமல், எத்தனை முறை கையை இறக்கினாய் என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து முறை என்றால் ஸ்கோர் 510 ஆக இருந்தாலும் திட்ட வேண்டாம். ஒரு முறைகூட இல்லை என்றால், 540 வந்திருந்தாலும் அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போகச் சொல்லுங்கள்.