சட்டியும் அகப்பையும்: ‘சதுரங்கக் காய்ச்சல்’ படத்தின் வீட்டுப் பதிப்புகள்

(எங்கள் திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட மைய நூலகர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய சதுரங்கக் கழகச் செயலாளர் அவர்களே, மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்கிய எங்கள் பொருளாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தலைவர் அவர்கள் என் உரையின் பாதியைத் தாமே அழகாகச் சொல்லிவிட்டபடியால், மீதிப் பாதியை மட்டும் சொல்லி அமர்ந்துவிட எண்ணுகிறேன்.

ஒரே படம் வீட்டில் பார்ப்பதற்கென்று நாடாவாகவும் வட்டாகவும் வரும் வீட்டுப் பதிப்புகளை ஒப்பிடும்போது படத்தின் ஓரம், ஓட்டத்தின் வேகம், இசை என மூன்றைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. மூன்றையும் ஒரே பழமொழியில் அடக்கிவிடலாம்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

‘சதுரங்கக் காய்ச்சல்’ 1925-ஆம் ஆண்டின் சோவியத் மௌன நகைச்சுவைக் குறும்படம். புதோவ்கினும் ஷ்பிகோவ்ஸ்கியும் சேர்ந்து இயக்கியது. தமிழில் பெயரைச் சொல்லும்போதே காய்ச்சலுக்குள் ஒரு காய் வந்து உட்கார்ந்துகொள்வது நம் மொழி தந்த கொடை. அவ்வாண்டு நவம்பர் 10 முதல் டிசம்பர் 8 வரை மாஸ்கோவில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் பொகோல்யூபோவ் முதலிடமும், லாஸ்கர் இரண்டாமிடமும், அப்போதைய உலகச் சாம்பியன் கபாபிளாங்கா மூன்றாமிடமும் பெற்றார்கள். போட்டியின் உண்மைக் காட்சிகளோடு கதையை இழைத்து, முடிந்த இரண்டே வாரத்துக்குள், டிசம்பர் 21 அன்று படத்தைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சதுரங்கப் பித்தில் தன் திருமண நாளையே மறந்துவிடும் இளைஞனாக விளாதிமிர் ஃபோகெலும், மனமுடைந்து மருந்துக்கடைக்கு நஞ்சு வாங்கப் போகும் மணப்பெண்ணாக அன்னா ஸெம்த்ஸோவாவும் நடித்தார்கள். கபாபிளாங்கா கபாபிளாங்காவாகவே வருகிறார்.

பதிப்புகளுக்கு வருகிறேன். இந்தச் சின்னப் படத்துக்குத் தனி வட்டு என்ற மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. மற்றொரு படத்தின் முதுகில் ஏறித்தான் அது வீட்டுக்குள் வருகிறது. விஎச்எஸ் என்னும் பழைய வீடியோ நாடாவில் அது சோவியத் இயக்குநர் குலெஷோவின் ‘சட்டத்தின்படி’ படத்தோடு வந்தது. டிவிடியில் மற்றொரு சோவியத் இயக்குநரான அப்ரம் ரூம் என்பவரின் ‘கட்டிலும் சோபாவும்’ படத்தோடு வந்தது. ப்ளூரேயில் ஃபிளிக்கர் ஆலி நிறுவனம் வெளியிட்ட புதோவ்கினின் மூன்று படத் தொகுப்பில் இணைப்பாக இருக்கிறது. முதல் இரண்டிலும் பக்கத்துப் படத்தில் நடித்திருப்பவர் அதே ஃபோகெல் என்பதால், ஒரு நடிகனின் கைவண்ணமாக இது தெரியும். புதோவ்கினின் ‘தாய்’ போன்ற பெரும் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தாலோ, ஒரு மேதையின் விளையாட்டுப் பயிற்சி போலத் தோன்றும். பக்கத்து இலையில் பரிமாறியதைப் பார்த்து நம் இலையின் ருசி மாறுவது பந்தியில் மட்டும் நடப்பதில்லை.

இனி ஓரம். மௌனப் படத்தில் ஒலித்தடம், அதாவது சுருளின் ஓரத்தில் ஒலியைப் பதிக்கும் பட்டை, கிடையாது என்பதால், படம் சுருளின் துளைகளுக்கு இடைப்பட்ட அகலம் முழுவதையும் நிரப்பி நிற்கும். பிற்காலத்தில் இசை சேர்த்து மறு அச்சு எடுத்தபோது, ஒலித்தடத்துக்கு இடம் வேண்டி இடது பக்கத்தை வெட்டிய பிரதிகள் பல உண்டு. இப்படத்தில் பலகையின் இருபுறமும் கைகள் காய் நகர்த்துவதைக் காட்டி, பிறகுதான் இருபுறமும் ஆடுபவன் ஒருவனே என்று வெளிப்படுத்துகிறார்கள். ஓரம் போன பிரதியில் அந்தச் சிரிப்பு பாதிதான் வரும். அவனுடைய தொப்பி, கழுத்துத் துணி, கைக்குட்டை, காலுறை எல்லாமே கறுப்பு வெள்ளைக் கட்டம் என்பதுதான் படத்தின் தொடர் வேடிக்கை. நாடாவில் அந்தச் சிறு கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்து சாம்பல் நிறத் துணியாகிவிடும். படத்தின் நுணுக்கத்தைக் குறிக்க அட்டையில் 1080 கோடுகள் என்று அச்சிட்டிருப்பது அகப்பையின் அளவு மட்டுமே. நல்ல பிரதியிலிருந்து எடுத்த பழைய டிவிடி, தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த ப்ளூரேயைவிட மேல் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். பொருளாளர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது, பொறுத்துக்கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன் கோடைச் சதுரங்க முகாம் ஒன்றில் இப்படத்தைக் காட்டுவதென்று முடிவாயிற்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஒரு கடையிலிருந்து தபாலில் ஒரு வட்டு வரவழைத்தேன். உறையில் கபாபிளாங்கா கம்பீரமாகத்தான் இருந்தார். நாற்பது பிள்ளைகள், திரைக்கு ஓர் எட்டு முழ வேட்டி, வேட்டியின் கரை கபாபிளாங்காவின் நெற்றிக்குக் குறுக்கே ஓடியதால் அவருக்குப் பட்டை நாமம் சாத்தியது போலிருந்தது. ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்து உட்காரவைத்தோம். முன்வரிசையில் எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற தபால்காரர், நாற்பது ஆண்டுகளாகத் திண்ணையில் காய் உருட்டியவர். மருந்துக்கடைக் காட்சி வந்தது. கடைக்காரர் ஆட்டத்தில் மூழ்கியிருந்து, நஞ்சுக்குப் பதிலாக ஒரு சதுரங்கக் காயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார். அவள் பிரித்துப் பார்க்கும்போது கையில் ராணி. படத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. எங்கள் வேட்டியிலோ அவள் கையில் இருந்தது ஒரு கறுப்புத் திட்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் தபால்காரர் எழுந்து, “தம்பி, அது என்ன மாத்திரை? நெஞ்சு வலிக்கா?” என்று கேட்டார். அதற்குத்தான் நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி வந்து, “ஐயா, அந்தக் காலத்துல எல்லாருக்கும் கை கால் நடுக்கமா?” என்றாள். ஆறு மாதம் கழித்து நண்பரொருவரின் நல்ல பதிப்பைக் கொண்டுவந்து அதே இடத்தில் காட்டினேன். பொட்டலம் பிரிந்தது. தபால்காரர் துள்ளி எழுந்து, “அட, மந்திரி! ஏன் தம்பி, போன தடவை இந்த மந்திரிய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றார். ராணியை மந்திரி என்றே அழைத்துப் பழகிய தலைமுறை அவர்.

சிறுமி கேட்ட நடுக்கம்தான் என் இரண்டாவது செய்தி. அக்காலப் படங்களை நொடிக்கு 16, 18, 20 படச்சட்டங்கள் என்று கருவியைக் கையால் சுழற்றியும் எடுத்தார்கள். அதையே ஒலிப்படத்துக்குரிய 24 வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் ஓடுவார்கள். 24-இல் 20 நிமிடம் ஓடும் சுருளில் 28,800 படச்சட்டங்கள் இருக்கும். அதையே 18-இல் ஓட்டினால் 26 நிமிடம் 40 நொடி ஆகும். ஆகவே ஒரு பதிப்பு இருபது நிமிடத்தை ஒட்டியும் இன்னொன்று அரை மணியை நெருங்கியும் இருப்பதைக் கண்டவுடன், ஒன்றில் காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் வேகத்தைக் கணக்குப் பாருங்கள்.

இவ்வளவு ஒப்பிட வட்டுகள் வேண்டுமே, அவை எங்கே இருக்கின்றன? நூலகர் அவர்களுக்கு முன் இதைத்தான் கேட்க வந்தேன். ஒரு நாட்டு வட்டு வேறு நாட்டுக் கருவியில் ஓடாதபடி டிவிடிகளுக்கு மண்டல எண் இடுவார்கள்: அமெரிக்க டிவிடியின் மண்டல எண் 1; நமக்கும் ரஷ்யாவுக்கும் 5. வட்டுக் கணக்கில் மாஸ்கோவும் நம் ஊரும் ஒரே மண்டலம். ஆனால் நம் மாணவன் ஒருவன் இப்படத்தின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் எந்த ஊர் நூலகத்துக்குப் போவான்? 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதிலிருந்து மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அலமாரி, எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் ஒரு கருவி, இரண்டு நாற்காலி போதும். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று பார்க்கக் கிடைக்காமல் அழிந்து போயிற்று; அந்தச் சட்டியே உடைந்துவிட்டது. இருக்கிற சட்டிகளையாவது அடுப்படியில் எடுத்து வைக்கலாமே. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தின் மிகயீல் தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். ஒரு கூடமும் சில பலகைகளும் அங்கே இருந்தன, அகப்பையில் உலகச் சாம்பியன் வந்தார்.

இசையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. பியானோவா வாத்தியக் குழுவா என்பது தனிப் பேச்சு, பொருளாளர் மணியடித்துவிட்டார். அந்த நூலக அலமாரியைக் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு நூலக உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். இப்போது விளக்கை அணைத்தால் படம் தொடங்கிவிடும். தபால்காரர் ஐயா இன்றும் வந்திருக்கிறார், மந்திரியைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.