ஆடின காலும் பாடின வாயும்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, மகளிர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த பெரியவர்களே, ஜூரோங்கிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் ரயில் மாறி வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். எண்பது வயதைத் தாண்டியும் ஆர்மோனியப் பெட்டியோடு வந்திருக்கிறார் எங்கள் பாட்டு வாத்தியார். பெயரைச் சொல்லக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ராக் பாடகர் ஒருவர் நற்செய்திப் பாட்டுக்கு, அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டுக்கு, திரும்பியது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்: ஏன் திரும்பினார், திரும்பியபோது இசை எப்படி மாறியது, ரசிகர்கள் என்ன செய்தார்கள்.

அவர் பெயர் லிட்டில் ரிச்சர்ட். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் 1932இல் பிறந்தவர். 1955இல் வந்த ஒரே பாட்டில் உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. பியானோ முன்னால் உட்காரவே மாட்டார், நின்றபடி வாசிப்பார், கூவுவார். 1957 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம். சிட்னியில் திறந்தவெளியில் பாடிக்கொண்டிருக்கிறார், கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு தீப்பந்து போகிறது! அந்த மாதம் 4ஆம் தேதிதான் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அவர் கண்டது அதுதான் என்று பிறகு சொன்னார்கள். அவருக்கோ அது தேவன் காட்டிய அடையாளம். 'நான் தேவ ஊழியத்துக்குப் போகிறேன்' என்றார். கூட வாசித்தவர் நம்பவில்லை. படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்களாம். விரலில் கிடந்த வைர மோதிரத்தைக் கழற்றினார், தண்ணீரில் எறிந்தார். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டில் அரைப் பவுன் மோதிரம் தொலைந்தால் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் தேடுவோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அலபாமாவில் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் படித்தார், நற்செய்திப் பாட்டுகளைப் பதிவு செய்தார்.

பாடுவதை மட்டும் அவர் விடவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது. 1962இல் இங்கிலாந்துக்குப் போனபோது முதலில் நற்செய்திப் பாட்டுதான் பாடினார். கூட்டம் ஒட்டவில்லை, ராக்குக்கே போய்விட்டார். பின்னால் மறுபடி ஊழியத்துக்கு வந்தார். இதை அலைபாயும் மனம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தது சின்ன வயதில் மேக்கன் ஆலயங்களில் கேட்டு மனப்பாடமான பாட்டுக்குத்தான். திரும்பி வர அவருக்கு ஓர் இடம் இருந்தது.

நம் பிள்ளைகள் திரும்பி வந்தால் எந்தப் பாட்டுக்கு வருவார்கள்?

நம்மிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் இருந்துகொண்டு குறவஞ்சி மெட்டிலேயே பெத்லகேமைப் பாடினார். அந்தக் கீர்த்தனைகள் கப்பலேறி இங்கே சிங்கப்பூருக்கும் வந்தன. சரி, இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்த் திரையைப் பாருங்கள். நான் போன ஓர் ஆலயத்தில் தமிழ்ப் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தில் ஓடியது. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்த பையன், அருமையான குரல், கிட்டாரோடு முன்னால் நின்று பாடுகிறான்: "நீரே வலி, நீரே சத்தியம்." வழி என்பது வலியாகிவிட்டது. அவன் மேல் குற்றமில்லை. திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

காணிக்கைப் பையில் நாம் போடும் வெள்ளி நோட்டில், அதாவது நம் டாலர் நோட்டில், 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிட்டிருக்கிறது. எதிரே இருக்கும் திரையில் தமிழ் இல்லை. பிள்ளைகளுக்குப் படிக்க வராது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு நான்கு வரிப் பாட்டு படிக்க வராதா? கண்ணால் பார்க்காத எழுத்து எப்படி வரும்? நான் கேட்பது பெரிதல்ல. மேலே தமிழ் எழுத்து பெரிதாக, கீழே ஆங்கில எழுத்து சிறிதாக. அந்தப் பையன் ராக் மெட்டிலேயே பாடட்டும், டிரம்ஸ் அடிக்கட்டும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது, இருக்கவும் வேண்டாம். ழகரம் மட்டும் ழகரமாக வரட்டும்.

இசை எப்படி மாறியது என்பதற்கு நேரம் போதவில்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்புறம் ஒரு வேண்டுகோள். தேநீர் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர்கள் பெயரையும், வாரத்தில் எந்த மாலை ஓய்வு என்பதையும் எழுதுங்கள். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு முன் நாற்பது பாட்டை அடித்து முடிக்க வேண்டும். மெட்டில் சந்தேகம் வந்தால் வாத்தியார் ஐயா இருக்கிறார், பெட்டியும் இருக்கிறது. வணக்கம்.