காதுகுத்துக்குத் தாய்மாமன் எங்க?

வணக்கம் நேயர்களே. நான் உசிலம்பட்டி பக்கம். டாக்டர் கிடையாது, நர்ஸும் கிடையாது, எதிர்ப்பு சக்தி உடம்புல ஊறாத ஒரு பையனுக்கு அம்மா, அந்தத் தகுதியிலதான் இங்க கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க.

நோயோட பேரு எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா. வாயில நுழையாது, விடுங்க, டாக்டருங்களே எக்ஸ்எல்ஏன்னுதான் சொல்றாங்க. 1952ல புரூட்டன்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் எட்டு வயசுப் பையன் ஒருத்தன வச்சு இதை எழுதினாரு, எந்த ஜீன்னு தெரிய 1993 ஆயிருச்சு. கிருமியோட மல்லுக்கட்ட நம்ம ரத்தத்துல இம்யூனோகுளோபுலின் இருக்கணும், இவங்களுக்கு அது ஊறாது. அம்மா வயித்துல வாங்கிட்டு வந்தது ஒரு ஆறு மாசம் தாங்கும், அது தீந்ததும் காதுல சீழு, நிமோனியா, வயித்தால போறதுன்னு ஒண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்துரும். எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிக்கத்தான் செய்யும், நான் அதைச் சொல்லல. ஒரே வருஷத்துல ரெண்டு தடவ நிமோனியா, மாசக்கணக்குல ஆன்டிபயாட்டிக் குடுத்தும் கேக்கல, இப்படி இருந்தா ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம்னு அந்த இம்யூனோகுளோபுலின் வகைங்க எவ்வளவு இருக்குன்னு பாக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, வெறும் ரத்த டெஸ்ட்தான்.

எங்களுக்கு அந்த டெஸ்ட் வரைக்கும் போனதே தாய்மாமன் கதையாலதான். இதை எங்க போனாலும் சொல்லுவேன், வீட்டுல சிரிப்பாங்க. எங்க பையனுக்குக் காதுகுத்து, மடியில உக்கார வைக்கத் தாய்மாமன் இல்ல. ஒண்ணுவிட்ட தம்பியக் கூப்பிட்டு உக்கார வச்சோம், சீரும் மொய்யும் குறைவில்லாமத்தான் நடந்துச்சு, ஆனா கூடப் பொறந்தவன் ஏன் இல்லன்னு யாரும் பேசல, எங்கம்மா மட்டும் அடுப்படியில நின்னுட்டாங்க. அப்புறம் ஒரு டாக்டரம்மா, பையன் தொண்டையப் பாத்துட்டு டான்சிலே தெரியலையேன்னாங்க, இந்த நோய்ல அப்படித்தானாம். உடனே கேட்டாங்க, "உங்க அம்மா வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாராச்சும் சின்னதுலயே தவறியிருக்காங்களா?" நான் முழிக்கிறேன். பக்கத்துல நின்ன அம்மாச்சி சொல்லுது, "ஏன் இல்ல தாயி, இவளுக்கு மூத்தது ஒண்ணு இளையது ஒண்ணு போச்சு, எனக்கே ஒரு ஆம்பளப் பிள்ள போச்சு, சீர்தட்டுனாங்க, கணைன்னாங்க, தோஷம்னாங்க." எல்லாம் ஆம்பளப் பிள்ள, எல்லாம் அம்மா வழி. அது தோஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. பழுதான ஜீன் அம்மாட்ட இருக்கும், அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாது, ஒவ்வொரு ஆம்பளப் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுக்காக அம்மாவக் குத்தம் சொல்லாதீங்க, என் வீட்டுலயும் ஒரு பெரியவங்க "உன் வழிச் சீக்கு"ன்னாங்க, அவங்க மட்டும் வேணும்னா ஜீனப் பொறுக்கி எடுத்து வச்சுட்டு வந்தாங்களா? செத்துப்போன பிள்ளைங்களப் பத்தி வீட்டுல பேசுங்க. திரும்பவும் சொல்றேன், பேசுங்க.

வைத்தியம் என்னன்னா, ஊறாததை வெளியில இருந்து ஏத்துறதுதான், மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, ஆயுசுக்கும். ஐவிஐஜின்னு பேரு. ஆயிரம் பேருக்கு மேல குடுத்த பிளாஸ்மாவ, அதான் ரத்தத்துல இருக்கிற தண்ணிப் பகுதிய, ஒண்ணாச் சேத்துத்தான் அந்த மருந்தே செய்றாங்க. எந்த ஊரு ஆளு, எந்த சாதி ஆளுன்னு அந்தப் பாட்டில்ல எழுதியிருக்காது, எங்க ஊர்ல சில பேருக்கு இதை நான் வேணும்னே சொல்லுவேன். எடைக்குத் தக்கன டோஸ், அதனால பிள்ள வளர வளர செலவும் வளரும்.

வார்டுலதான் எனக்குத் துணை கிடைச்சுச்சு. சிவகங்கைப் பக்கத்து அக்கா ஒருத்தவங்க, அவங்க பையனுக்கும் இதேதான். ட்ரிப்ப வேகமா விட்டா தலைவலி வரும், மெதுவா ஆரம்பிக்கச் சொல்லு, முந்துன நாளே நல்லா தண்ணி குடிக்கவை, பாட்டில ஐஸ்பாக்ஸுல கொண்டா, ஆனா உறைஞ்சிறக் கூடாது, ஏத்துறதுக்கு முன்னாடி கூலிங் போகட்டும், இதெல்லாம் அவங்க சொன்னது. கொதிக்க வச்ச தண்ணி இல்லாம வெளிய போகாதேன்னாங்க, ஜியார்டியான்னு ஒரு வயித்துக் கிருமி இந்தப் பிள்ளைங்கள விடாதாம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்கணும்னு பையன் அழுதப்போ, அந்த அக்கா பையனும் டிவியிலதான் பாக்கிறான்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணினேன். இதைச் சொந்தக்காரங்க யாராலயும் சொல்ல முடியாது பாருங்க, பட்டவங்கதான் சொல்லணும். இந்தியா பூராவும் இப்படி இருக்கவங்களுக்கு ஐபிஎஸ்பிஐன்னு ஒரு நோயாளிகள் சங்கம் இருக்கு, உலக அளவுல ஐபோபின்னு 1992ல இருந்தே…

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்து கை காட்டுறாங்க. நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமேதான். சரி, வேகமா சொல்லிர்றேன். 2021ல மத்திய அரசு அரிய நோய்க் கொள்கை கொண்டு வந்துச்சு, பட்டியல்ல இருக்கிற நோய்க்குக் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிங்க வழியா 50 லட்சம் வரை உதவி, உங்க பிள்ளையோட குறைபாடு அதுல வருதான்னு கேளுங்க. வீட்டுல இப்படிப் பிள்ள இருந்தா போலியோ சொட்டு மருந்து யாருக்கும் குடுக்கும் முன்னாடி டாக்டர்ட்ட சொல்லுங்க, ஊசியா போட்டுக்கலாம். அக்கா தங்கச்சிங்களுக்கு ஜீன் டெஸ்ட், அதைக் கல்யாணப் பேச்சுக்கு முன்னாடியே… சரிங்க, மைக்க அமத்தப் போறாங்க. வணக்கம்.