பால் சேராத சாக்லேட் உருண்டை

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பேத்திக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால், தயிர், நெய் என எது வயிற்றுக்குள் போனாலும் சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிடும். அவளுடைய நான்காவது பிறந்த நாளன்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகளெல்லாம் கேக்கும் சாக்லேட்டும் தின்றுகொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு கிண்ணத்தில் திராட்சையை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பால் துளியும் சேராத சாக்லேட் இனிப்பு ஒன்றை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதன்பின் வந்த ஆறு ஆண்டுகளில் செய்து பார்த்து, கெடுத்து, திருத்திக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ட்ரஃபிள் என்று அழைக்கும் சாக்லேட் உருண்டையைப் புதுச்சேரியின் பேக்கரிகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளானின் பெயர். கோகோ தூளில் புரட்டி எடுத்த உருண்டை, மண் ஒட்டிய அந்தக் காளானைப் போலத் தோன்றுவதால் அதே பெயர் இனிப்புக்கும் வந்தது. கொதிக்கும் பாலேட்டைச் சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலக்கி, அது இறுகியதும் உருட்டுவது அவர்களுடைய முறை. பால் வேண்டாம் என்பவர்கள் பாலேட்டுக்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பாலையோ தேங்காயெண்ணெயையோ சேர்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலும், சாக்லேட்டில் இருக்கும் கோகோ கொழுப்பு ஏறக்குறைய 34 டிகிரியிலும் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம் சமையலறையின் சூடு இந்த இரண்டையும் எளிதாகத் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தட்டில் எடுத்து வைத்து, விருந்தினருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பாகிப்போயின.

இந்தக் கடற்கரை வெயிலில் நிற்க வேண்டுமானால், உருண்டையைப் பிடித்து வைப்பது கொழுப்பாக இருக்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. எள்ளுருண்டை வெயிலில் உருகுவதில்லை. அதைப் பிடித்து நிறுத்துவது வெல்லம். அந்த வெல்லத்தின் வேலையைப் பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்து, எள்ளின் இடத்தில் முந்திரியையும் நிலக்கடலையையும் வைத்து, கோகோவைச் சேர்த்தால் ஓவனே இல்லாமல் சாக்லேட் உருண்டை கிடைத்துவிடுகிறது. இதை ட்ரஃபிள் என்று நினைத்துச் செய்யாமல், நம் உருண்டைகளில் ஒன்று என்று நினைத்துச் செய்யுங்கள் என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கெல்லாம் நான் சொல்வதும் இதனால்தான்.

பொருள் வாங்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். வீகன் என்ற சொல் பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவைக் குறிக்கும். நாம் சைவம் என்று சொல்வதில் பாலும் நெய்யும் அடங்கிவிடுகின்றன. பாக்கெட்டின் மேல் இருக்கும் பச்சைப் புள்ளியும் சைவத்துக்கான அடையாளமே தவிர, பால் இல்லை என்பதற்கான உறுதி அன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் வீகன் உணவுகளுக்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி இலையோடு கூடிய பச்சை நிற ஆங்கில ‘வி’ எழுத்து அடையாளமாக வைக்கப்பட்டது. இந்த வேறுபாடு தெரியாத நாளில், ஒரு கடையில் “டார்க் சாக்லேட்தானேம்மா, இதில் பால் எங்கே இருக்கும்” என்று சொன்னதை நம்பி வாங்கி வந்துவிட்டேன். உருக்குவதற்காகப் பிரித்தபோது, உறையின் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில் பால் திடப்பொருள் என்று அச்சாகியிருந்ததை என் மகள்தான் கண்டாள். அவள் கண்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காகச் செய்பவர்கள் ‘பால் கலந்திருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வரியையும் தேடிப் படிக்க வேண்டும். அதே ஆலையில் பால் சாக்லேட்டும் தயாராகும்போது இந்த வரி இடம்பெறும்.

கோகோ தூளில் இந்தத் தொல்லை குறைவு. 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார், கோகோ விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்படிப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை அரைத்தால் கிடைப்பதே கோகோ தூள். அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பாலில் கலந்து குடிப்பதற்கென்று விற்கும் சாக்லேட் பொடி வேறு. அதில் பெரும்பங்கு சர்க்கரை, சிலவற்றில் பால் பொடியும் உண்டு. கேட்டு வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பருப்புக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி, பண்ருட்டிச் செம்மண்ணை இன்றைக்குத் தன் சொந்த மண்ணாக்கிக்கொண்டுவிட்டது. கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும் என்பதால், சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையாக வைத்து உடைத்துப் பருப்பு முழுதாக வருமாறு எடுக்கும் பெண்களின் உழைப்பை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். முழுப் பருப்புக்குத்தான் விலை. டபிள்யூ 320 என்று வியாபாரிகள் சொல்வது, ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 வரை முழுப் பருப்பு நிற்கும் தரம். நாமோ பொடிக்கப் போகிறோம். ஆகவே உடைசல் முந்திரியையே வாங்குங்கள். சுவையில் வேறுபாடு சிறிதும் இல்லை, விலையில் நிறையவே உண்டு. வாயில் போட்டுப் பார்த்துக் காறல் வாடை வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு கோகோ சேர்த்தாலும் அந்த வாடை மறையாது.

இனி அளவு. விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், உலர்ந்த அத்திப்பழம் 50 கிராம், முந்திரி 100 கிராம், நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலை 50 கிராம், கோகோ தூள் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மரக்காணத்து உப்பளத்துக் கல்லுப்பு வீட்டில் இருந்தால் அதைத் தட்டிப் போடுங்கள்; இனிப்புக்கும் கோகோவின் கசப்புக்கும் நடுவில் அது நின்று இரண்டையும் எடுத்துக்காட்டும். 15 கிராம் வீதம் உருட்டினால் 28 உருண்டைகள் வரும்.

முந்திரியையும் மல்லாட்டையையும் தனித்தனியாக, சிறு தீயில், எண்ணெய் விடாமல் வறுத்து, மல்லாட்டையைத் தோல் புடைத்து எடுத்து, இரண்டையும் கையால் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட வேண்டும். சூட்டோடு மிக்சியில் போட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். ஆறிய பருப்பையும் ஒரேயடியாக ஓட்டாமல், விட்டுவிட்டு அரைத்து, கொரகொரப்பான ரவைப் பதத்தில் நிறுத்திவிடுங்கள்.

பேரீச்சம்பழத்தில்தான் பெரும்பாலோருக்குத் தவறுகிறது. பழம் காய்ந்திருக்கிறதே என்று வெந்நீரில் ஊறவைப்பார்கள். பழம் நீரைக் குடித்துக்கொள்ளும், உருட்ட வராது, அதற்காக மேலும் கோகோ கொட்டுவார்கள், கடைசியில் கசப்பு மேலோங்கிவிடும். அந்த ஈரத்தால் உருண்டையும் விரைவில் கெடும். நான் இட்லித் தட்டில் துணி விரித்து, பழங்களைப் பரப்பி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுக்கிறேன். ஊறவைப்பதில் ஏறுகிற நீர் இதில் ஏறுவதில்லை. விரலால் நசுக்கினால் வெண்ணெயைப் போல மசிந்துவிடும். அத்திப்பழத்தையும் கூடவே வைத்துவிடலாம். துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, ஆறியபின் அரைத்து, பருப்புப் பொடி, கோகோ, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அகன்ற தாம்பாளத்தில் கையால் பிசையுங்கள். முதலில் உதிர்ந்து கிடக்கும். இது சேராது போலிருக்கிறதே என்று தோன்றும். இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசையப் பிசைய, பருப்பின் எண்ணெய் இறங்கி, மங்கலாக இருந்த மாவு கருத்து மினுமினுக்கத் தொடங்கி, தாம்பாளத்தை விட்டுத் தானாக எழும்பும். அதுவே பதம். அதற்குப் பிறகும் உதிர்ந்தால் ஒரு பேரீச்சம்பழம் கூடுதலாகச் சேருங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

உருட்டும்போது உள்ளங்கை முழுவதையும் பயன்படுத்தினால் கைச்சூட்டில் ஒட்டும். விரல் நுனிகளால் லேசாக உருட்டினாலே போதும். பிறகு கோகோ தூளிலோ, கொப்பரைத் துருவலிலோ, வறுத்த எள்ளிலோ புரட்டிக்கொள்ளலாம்.

மேலே சாக்லேட் பூச்சு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கோகோ மரம் பொள்ளாச்சியிலும் கேரளத்திலும் தென்னை மரங்களின் நிழலில் ஊடுபயிராக வளர்கிறது. அந்த விதைகளைக் கொண்டு சாக்லேட் செய்பவர்கள் ஆரோவில் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோகோவும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த கட்டி கிடைத்தால் அதில் 150 கிராம் போதும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல், நீர் தொடாதபடி கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஈரக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் உருகிய சாக்லேட் திரண்டு மணல் மணலாக இறுகிவிடும். அதிலிருக்கும் சர்க்கரைத் துகள்கள் அந்தச் சொட்டு நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அப்படி ஆகிவிட்டால் குப்பையில் கொட்ட வேண்டாம். கொதிநீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கலக்கினால் மீண்டும் குழைந்து வரும். பூச்சுக்கு அது உதவாது என்றாலும் வாழைப்பழத்தின் மேல் ஊற்றிச் சாப்பிட மிக நன்றாக இருக்கும். கடைச் சாக்லேட்டின் பளபளப்பு வர, உருக்கியதை 28 டிகிரிக்குக் குளிர்வித்து மீண்டும் 31, 32 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அறையே 33 டிகிரியில் கொதிக்கும்போது அது நடக்காது. மார்கழிக் காலையில் முயன்று பாருங்கள். கோடையில் பளபளப்பை விட்டுவிடுவதே நல்லது.

ஆனியிலும் அதையொட்டியும், பண்ருட்டிப் பலாவின் மணம் கடலூர் சாலைகளில் நிறைந்திருக்கும் நாள்களில், நான் பேரீச்சையை ஒதுக்கிவிடுவேன். சுளைகளை நறுக்கி ஆவியில் வேகவைத்து, மசித்து, அடி கனத்த வாணலியில் பனைவெல்லத்தோடு சேர்த்து, ஒரு கரண்டித் தேங்காயெண்ணெய் விட்டுக் கிளறுவேன். ஒரு மணி நேரம் கை வலிக்கும். ஆனால் சுருண்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது எழுகிற மணத்துக்காகவே அதைச் செய்யலாம். ஆறியபின் அதில் முந்திரிப் பொடியையும் கோகோவையும் பிசைந்து உருட்டினால், எந்த ஊர்ச் சாக்லேட்டும் அதற்கு ஈடாகாது என்று துணிந்து சொல்வேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மை. சர்க்கரை இல்லை என்பது உண்மையன்று. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். ஓர் உருண்டையில் 5 முதல் 6 கிராம் வரை இருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பத்து நாள் நன்றாக இருக்கும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். நம் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த உருண்டையின் மேல் நீர்த்துளிகளாகப் படிந்து, மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அரைமணி நேரம் டப்பாவோடு வெளியே இருக்கட்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் எடுத்து வருவதாக இருந்தால் கோகோவில் புரட்டியவற்றையே எடுத்து வாருங்கள். பூச்சிட்டவை முள்ளோடை தாண்டுவதற்குள் இளகிவிடும்.

என் பேத்திக்கு இப்போது பத்து வயது. சென்ற பிறந்த நாளுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக அவளே உட்கார்ந்து உருட்டினாள். தொடங்குவதற்கு முன்பு, தன் தோழி ஒருத்திக்கு முந்திரி ஆகாது என்று சொல்லி, “அவளுக்கு என்ன செய்யலாம் ஆயா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் தாயிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிக்சி ஜாரைச் சுடுநீரில் இரண்டு முறை கழுவித் துடைத்து, வறுத்த பூசணி விதையும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து, அந்த ஆறு உருண்டைகளை எல்லாவற்றுக்கும் முதலில் செய்து, தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முந்திரியை வாணலியில் போட்டோம்.

நன்றி, வணக்கம்.